கறுப்பு ஒன்பதும் பேண்டேஜ் துணித் திரையும்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஆரத்தி எடுத்தார்கள். நான் பி.காம். தேறிய அன்று எனக்கு எடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுதித் தேறியதால் நானும் எதிர்பார்க்கவில்லை.

மதுரையில் ஒரு மாடிக் கடையில் உதிரிகளைச் சேர்த்து அதைப் பூட்டித் தந்தார்கள். மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே "டி.வி.யா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்" என்றேன். உடனே பின் சீட்டில் இருந்த ஒருவர், தன் மகன் எந்தப் படிப்புப் படித்தால் வேலை கிடைக்கும் என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அப்படித்தான் இருந்தது. பெட்டியை மடியில் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. நான் மறுக்கவில்லை.

வாங்கியதற்கு வீட்டில் நான் சொன்ன காரணம் எதிர்காலம். உண்மையான காரணம், அந்த மதுரைக் கடையில் பார்த்த கார் பந்தயம். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த, முன்மண்டை முடி பின்வாங்கத் தொடங்கியிருந்த, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஃபேக்டரி ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒருவன், மலைப்பாதையில் சிவப்புக் கார் ஓட்டுவதற்காகச் சேமிப்பையெல்லாம் கரைத்தான் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? எதிர்காலம் என்று சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

எர்த் உள்ள பிளக் பாயிண்ட் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கிரைண்டருக்காகப் போட்டது. அது இருந்ததோ ஹாலின் மூலையில். ஆகவே எதிர்காலம் அங்கேயே, மாவு ஆட்டும் கல்லுக்குப் பக்கத்தில், மர மேசை மேல் குடியேறியது. அம்மா அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தாள். மாவு தெறிக்கக்கூடாது என்று ஒரு துணியும் போர்த்தினாள். துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. ஃபேக்டரியில் இழை கோணிப்போன பேண்டேஜ் துணியைச் சுருட்டிச் சுருட்டி ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் காபி வடிகட்டுவதும், வடகத்தை ஈ மொய்க்காமல் மூடுவதும், பூஜை விளக்கைத் துடைப்பதும் அதில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய துணியில் நாங்கள் குடும்பம் நடத்தினோம். மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி நின்ற கம்ப்யூட்டரைப் பார்த்தால், தலையில் அடிபட்டு அட்மிட் ஆகியிருப்பதுபோல் இருக்கும்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு அவர்தான் செயலாளர். முன்னறையில் பத்திரிகை, பின்னறையில் சீட்டு. காசு வைக்காத ரம்மி. அப்பாவும் அதில் ஒரு கை. அவருக்கு நேர் எதிரே உட்காருகிறவர் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து இந்த மேசைக்காகவே வருவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'ஏலே' என்று தவிர வேறு விதமாக அழைத்ததில்லையாம். இதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

நாளடைவில் அந்தப் பின்னறையில், இவர்கள் எழுந்து போன பிறகு, வேறு சிலர் காசு வைத்து ஆட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தெருப் பெண் ஒருத்தி படிப்பக வாசலில் நின்று, உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா தம் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனிமேல் இங்கே சீட்டு கிடையாது, அறையைப் பூட்டப் போகிறேன் என்று எழுந்துவிட்டார்.

"இந்தக் கைய முடிச்சிட்டுப் பூட்டுலே" என்றாராம் மாமா.

"இப்பவே பூட்டணும்" என்றாராம் அப்பா.

மாமா தம் கையிலிருந்த சீட்டை ஒழுங்காக அடுக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் சண்டைக்காரர்கள் ஆகவில்லை. அதைவிட மோசமாக, மரியாதைக்காரர்கள் ஆனார்கள். 'ஏலே' போய் 'வாங்க' வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, ஆடிப்பூரத் தேரன்று, மாமா வருவார். வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். "உங்க உடம்பு எப்படி இருக்கு?" "இருக்கு. உங்களுக்கு?" இதற்கு மேல் பேச்சு ஓடாது. சாயங்கால பஸ்ஸில் அம்மா கொடுத்த பால்கோவாவோடு போய்விடுவார். இப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

வீட்டிலும் சீட்டு நுழையக்கூடாது என்பது சட்டமாயிற்று. ஒரு தீபாவளிக்கு வந்த வெடிக்கட்டின் மேல் இஸ்பேட் ராணி படம் போட்டிருந்தது என்று அதைக் கடைக்கே திருப்பி அனுப்பினார். அந்த வருஷம் ராணி இல்லாமல் கம்பி மத்தாப்போடு கொண்டாடினோம்.

இப்படிப்பட்டவர் இருந்த வீட்டில்தான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் விண்டோஸ் இருந்தது. விண்டோஸுக்குள், யாரும் கேட்காமலே, ஒரு சீட்டுக்கட்டு இருந்தது.

ஒரு நாள் ஃபேக்டரிக்கு நூல் லாரி வரவில்லை. மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் மத்தியானம் எப்படி இருக்கும் என்பதை வேலைக்குப் போகிறவர்கள் அறிவதில்லை. தெருவே மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். கோபுரத்து நிழல்கூட எங்கேயோ படுத்துவிடும். கதவு வெறுமே சாத்தியிருந்தது. உள்ளே வந்தேன். ஹால் இருட்டில், மூலையில் மட்டும் ஒரு பச்சை வெளிச்சம், நடவு முடிந்த வயலைக் குறுக்கி மேசை மேல் வைத்ததுபோல. அதற்கு முன்னால் அப்பா முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு. வலது கைக்குள் மவுஸைக் கோழிக்குஞ்சு பிடிப்பதுபோல் பொத்திப் பிடித்திருந்தார். திரையில் சீட்டுகள் வரிசை வரிசையாகப் படுத்திருந்தன.

நான் செருமினேன். அவர் திரும்பவில்லை.

"இது சீட்டு இல்லலே" என்றார். "படம்."

"சரிப்பா."

"நான் எதையாவது கையால தொட்டேனா?"

"இல்லப்பா."

"பொறவு என்ன?"

அப்போதுதான் ஆட்டம் முடிந்தது. அந்த விண்டோஸ் சீட்டாட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஜெயித்தால் என்ன நடக்கும் என்று. மேலே அடுக்கியிருக்கும் ராஜாக்களும் ராணிகளும் ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். தரையில் பட்டு எகிறி, மறுபடி பட்டு எகிறி, போன வழியெல்லாம் தம் சாயலை விட்டுவிட்டுப் போவார்கள். கடைசியில் திரை முழுக்கச் சீட்டு அருவி. அப்பா அதை வாய் லேசாகத் திறந்திருக்கப் பார்த்தார். குற்றாலத்தில்கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அங்கே அவர் அருவியை விடச் செருப்பைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அருவி நின்றதும் அவர் முகம் தாலுகா ஆபீஸுக்குத் திரும்பியது.

"இங்க பாரு" என்றார் தாழ்ந்த குரலில். "இது வெளிய தெரியக்கூடாது. தெருக்காரன் தெரிஞ்சா சிரிப்பான், சிரிச்சிட்டுப் போறான். ராசபாளையத்தாருக்குத் தெரியக்கூடாது. அன்னைக்கு அவர நான் ஒரு கை முடிக்க விடல. அவருக்கு இது தெரிஞ்சா, அம்புட்டுதான். நான் செத்தாலும் தலையத் தூக்க முடியாது." ஆடித் தேருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"விட்டுர்றீங்களாப்பா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேறு ஏதாவது வழி சொல் என்று இருந்தது.

இப்படித்தான் எங்கள் ஊரில், எனக்குத் தெரிந்தவரை முதல் முறையாக, எந்த சிஸ்டம் விளையாட்டுக்கு உகந்தது, எந்த சிஸ்டம் மறைவுக்கு உகந்தது என்ற ஆராய்ச்சி ஒரு கிரைண்டருக்குப் பக்கத்தில் தொடங்கியது.

முதலில் விண்டோஸிலேயே ஒரு பாஸ்வேர்டு போட்டேன். பெட்டியைத் திறந்ததும் பெயரும் ரகசிய வார்த்தையும் கேட்கும். அப்பாவுக்குப் பரம திருப்தி. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது திரையில் எல்லாம் திறந்து கிடந்தது. அம்மா கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா உள்ள போனே?"

"நான் எங்க போனேன்? இது ஏதோ கேட்டுச்சு. எஸ்கேப்புன்னு எழுதியிருந்த பொத்தானைத் துடைச்சேன். வழி விட்டுருச்சு."

சோதித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து விண்டோஸில் பாஸ்வேர்டு தெரியாதவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் போதும், உள்ளே போகலாம். யாரும் இல்லாத வீட்டில் வாசற்கதவுக்குப் பூட்டு மாட்டி, சாவியையும் அதிலேயே தொங்கவிட்டதுபோல். பெயரே சன்னல் என்று வைத்திருப்பவனிடம் போய் மறைவு கேட்டது என் பிசகு.

அடுத்தது லினக்ஸ். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு அதன் குறுந்தகடு இலவசமாக வந்திருந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சாமி வந்தவர்கள்போல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிப் பூட்டு. ஒருவர் அறையில் என்ன இருக்கிறதென்று இன்னொருவருக்குத் தெரியாது. படித்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கனவில் இரண்டு வீடுகள். ஒன்றில் சன்னல் சன்னலாகத் திறந்து கிடக்க, தெருவில் போகிறவர்கள் தலையை நீட்டி, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இன்னொன்றில் நீண்ட இருட்டு நடை, இரு புறமும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் யாரோ ஒருவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும் சத்தம். நான் என் கதவைத் தேடிக்கொண்டே நடந்தேன். கிடைப்பதற்குள் வன்னியம்பட்டி விலக்கில் பிரேக் போட்டார்கள்.

லினக்ஸை ஏற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற காரியமில்லை. முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்கவேண்டும். "என்ன பண்ணுதே?" என்று கேட்ட அம்மாவிடம் "பாகம் பிரிக்கேன்" என்றேன். "ஒத்தப் பிள்ளைக்கு எதுக்குய்யா பாகம்?" என்று கலங்கிப்போனாள். பிறகு மானிட்டரின் ஏதோ ஒரு எண்ணைக் கேட்டது. தவறாகக் கொடுத்தால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கையும் செய்தது. மடியில் வைத்துக்கொண்டு வந்த மானிட்டர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைக் கொடுத்தேன். திரை அலைந்தது, சுருங்கியது, அணைந்தது, மீண்டும் வந்தது. மறு வாரம் அதுவே பழகிவிட்டது. ஆனால் என் சிவப்புக் கார் அதில் ஓடாது. சத்தமும் வராது. மறைவு வேண்டுமென்றால் மலைப்பாதையை விட்டுவிட வேண்டும் என்று புரிந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தேன். பெட்டியைத் திறந்தால், எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கறுப்புத் திரையில் கேட்கும். பதில் சொல்லாமல் இருந்தால் அதுவே லினக்ஸுக்குப் போய்விடும்.

அப்பாவை உட்காரவைத்தேன். திறக்கும்போது ஒரு பென்குயின் படம் வந்தது.

"இதென்னலே, காக்காய்க்கு வேட்டி கட்டி விட்டிருக்கான்?"

"இதுதான் இதோட காவல்காரன். இப்ப உங்க ரகசிய வார்த்தையை அடிங்க. எனக்குச் சொல்ல வேண்டாம்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கும் சத்தம் கேட்டது.

"அடிக்கேன். ஒரு எழுத்தும் விழ மாட்டேங்குது."

"விழாதுப்பா. ஒரு புள்ளிகூடத் தெரியாது. நீங்க அடிச்சது அதுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் மானிட்டரை விரலால் தடவிப் பார்த்தார். "எனக்கே காட்டாம எழுதச் சொல்லுது" என்றார் பிறகு, மிகுந்த மரியாதையோடு. "இதுதான்லே மறைவு."

அதிலும் சீட்டாட்டம் இருந்தது. ஒன்றல்ல, பல வகை. அப்பா தமக்குத் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்து ஆடினார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தார். ஜெயித்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. வாழ்த்துகள், ஜெயித்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

"கொட்டலையே" என்றார்.

"இதுல கொட்டாதுப்பா."

"அப்ப ஜெயிச்சேன்னு எப்படித் தெரியும்?"

"ஜெயிச்சிட்டீங்கன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருந்தா ஆச்சா? தாலுகா ஆபீஸ்ல நான் எம்புட்டு எழுதியிருக்கேன். எல்லாம் நடந்துச்சா?"

ஆக, ஒரு வீட்டில் பூட்டு இருந்தது, அருவி இல்லை. இன்னொரு வீட்டில் அருவி இருந்தது, பூட்டு இல்லை. அப்பா சில நாள் லினக்ஸில் ஆடினார், மருந்து சாப்பிடுவதுபோல். சில நாள் கறுப்புத் திரையில் கேள்வி வந்ததும், இரு பக்கமும் பார்த்துவிட்டு, விண்டோஸுக்குப் போனார். இடையில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பின் லினக்ஸ் திறப்பதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டு, எண்களாக வாசித்துக்கொண்டிருந்தது. "என்ன செய்யுது?" என்றார் அப்பா. கரண்ட் திடீரென்று போனதால் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது என்றேன். "நல்ல பழக்கந்தான். ஆனா நான் விளையாட வரும்போதா பண்ணணும்?" என்று எழுந்து போனார்.

ஆடி பிறந்தது. மலைப்பக்கமிருந்து காற்றும் சாரலுமாக வந்தது. மாமா வருகிற நாள் நெருங்க நெருங்க அப்பாவுக்கு சிஸ்டம்களில் நம்பிக்கை போய்விட்டது. "உள்ள என்ன பூட்டு வேணும்னாலும் போட்டுக்கோ. வெளிய ஒரு திரை கட்டு" என்றார். சரியான யோசனையாகப் பட்டது. இவ்வளவு நாளும் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது. மூலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, எங்கள் வீட்டில் வற்றாத பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். அது காலை நேரம். வாசற்கதவு திறந்திருந்தது, ஹாலில் நல்ல வெளிச்சம். அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார். நான் வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவர்போல் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"கைய ஆட்டுதேன். இப்ப?"

"இல்லப்பா."

கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்த அம்மா எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, அதை மாவோடு சேர்த்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டாள்.

தேர் நாளன்று மாமா வந்தார். கையில் வழக்கமான மாம்பழப் பை. "வாங்க" என்றார் அப்பா. "வந்தேன்" என்றார் மாமா. மாமாவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. அப்பாவுக்கு அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. "உங்க உடம்பு எப்படி இருக்கு?" "இருக்கு." தேர் வரும் தெருக்களில் கம்பியைத் தூக்கிவிடுவதற்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் ஃபேன் இல்லை, லைட் இல்லை. நாங்கள் போய் வடம் தொட்டுவிட்டு வந்தோம். அந்தத் தேர் அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், அது நகர்வதாகத் தோன்றாது. வானம்தான் அதைச் சுற்றி மெதுவாக நகர்வதுபோல் இருக்கும். அப்பாவும் மாமாவும் அடுத்தடுத்து நின்று ஒரே வடத்தில் கை வைத்திருந்தார்கள், ஒருவர் கை மேல் ஒருவர் கை படாமல், நடுவில் ஒரு முழம் விட்டு.

சாப்பாடு ஆயிற்று. மாமா மூலையைப் பார்த்து, "அது என்ன, யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்றார். வெள்ளைத் திரை, ஆஸ்பத்திரி ஞாபகம்.

"கம்ப்யூட்டர். தூசி படக்கூடாது" என்றார் அப்பா.

"ஓகோ" என்றார் மாமா.

பிறகு பாய் விரித்தோம். மாமா ஒரு பாய், நான் ஒரு பாய், அடுக்களை வாசலில் அம்மா. அப்பா சாய்வு நாற்காலியில். சாரல் உள்ளே அடிக்கிறது என்று அம்மா கதவையும் சன்னலையும் சாத்தினாள். வெளியே மேகம் கவிந்து ஹால் இருண்டது. உண்ட மயக்கமும் சாரல் வாசனையும் சேர்ந்து வீடே ஏதோ குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் ஆயிற்று. தேர் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டதால், சற்று நேரத்தில் கரண்டும் வந்தது. ஃபேன் சுற்றியது. மாமாவிடமிருந்து குறட்டை வந்தது.

அப்பா அந்தக் குறட்டையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். நான் கண்ணை மூடியும் மூடாமலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளாவது அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாமா அந்த வீட்டில் இருக்கும்போது சீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது அவரால் முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எதிரே உட்காருகிறவர் வந்துவிட்டார் அல்லவா.

திரைக்குப் பின்னால் சுவிட்ச் சத்தம். பெட்டி முனகியது. கேள்வி வந்திருக்கும்: எந்த வீட்டுக்கு? பதில் சொல்லாமல் சும்மா இருந்திருந்தால் பூட்டுள்ள வீட்டுக்கே அவர் போய்ச் சேர்ந்திருப்பார். அப்பா ஒரு விரலால் தேடித் தேடி எதையோ அடித்தார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸின் அந்த வரவேற்பு இசை, நல்ல வேளையாக மெதுவாக, ஒலித்தது.

அப்போதுதான் திரை இல்லாமல் போயிற்று.

நான் சொல்வது சரிதான். விழவில்லை, விலகவில்லை. இல்லாமல் போயிற்று. இருண்ட ஹாலில் இந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. அந்தப் பக்கம் மானிட்டர் பளீரென்று எரிந்தது. காயத்துக்குக் காற்று போகவேண்டும் என்று கண் விட்டு நெய்த துணி, தினமும் காபி வடிகிற துணி, நாங்களே பில் போட்டு அனுப்புகிற துணி. அதன் வழியாக அப்பாவின் முதுகும், துண்டும், காதோர நரைமுடியும், பச்சை மேசையும், மேசை மேல் ஒவ்வொரு சீட்டும், பனிமூட்டத்தில் தெரியும் வயல்போலத் துலக்கமாகத் தெரிந்தன. ஆடிக் காற்று கதவிடுக்கில் புகுந்து துணியை லேசாக ஊதியது. சீட்டுகள் மூச்சு விட்டன.

எழுந்து போய் நடுவில் நின்றுகொள்ளலாமா என்று பக்கத்துப் பாயைப் பார்த்தேன். குறட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாமா ஒருக்களித்துப் படுத்து, தலைக்குக் கையை முட்டுக்கொடுத்து, டூரிங் டாக்கீஸ் மணலில் படுத்துப் படம் பார்ப்பவர்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் அம்மாவும் அதே கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது அவளுக்கு முதல் காட்சி அல்ல.

அப்பா ஆடிக்கொண்டிருந்தார். ஒரு சீட்டை எடுப்பதும், யோசிப்பதும், திரும்ப வைப்பதுமாக. சாரல் ஓட்டில் நடந்து போனது. நாங்கள் மூவரும் ஒரே கனவை மூன்று பாயிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. எழுப்பினால் யாருடைய கனவு கலையும் என்று தெரியவில்லை. மாமா இப்போது சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போவார். இந்த முறை பால்கோவாவையும் வாங்கிக்கொள்ள மாட்டார். அப்பா சொன்னாரே, தலையைத் தூக்க முடியாது என்று.

அப்பா ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார். மவுஸ் அம்பு இங்கும் அங்கும் அலைந்தது. நேரம் போயிற்று.

பாயிலிருந்து குரல் வந்தது. தூக்கம் கலையாத, கரகரத்த குரல்.

"ஏலே. அந்தக் கிளாவர் ஒம்பதைத் தூக்கிச் சிவப்புப் பத்து மேல வையிலே. எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டே இருப்பே?"

அப்பாவின் முதுகு அசையாமல் நின்றது. மவுஸைப் பிடித்திருந்த கையும் நின்றது. ஃபேன் மட்டும் சுற்றியது. அந்த 'ஏலே' ஹாலில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலைந்ததாக எனக்குத் தோன்றியது. அவ்வளவு காலமாயிற்று அது அந்த வீட்டுக்கு வந்து.

பிறகு அம்பு மெதுவாக நகர்ந்தது. கறுப்பு ஒன்பதைத் தொட்டது. தூக்கியது. சிவப்புப் பத்தின் மேல் வைத்தது.

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார் அப்பா, திரும்பாமலே.

"தெரிஞ்சவன்தான் அரை மணியா முழிச்சியா?"

"ஒனக்குத் தூக்கம் வரலேன்னா பேசாமக் கெடலே."

"எங்க தூங்க? சினிமாக் கொட்டகை மாதிரி வெளிச்சம் போட்டு வச்சிருக்கே."

அப்பா அப்போதுதான் திரும்பினார். எங்கள் மூவரையும், நடுவில் இல்லாமல் இருந்த திரையையும் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து அவருக்கு நாங்கள் தெரிந்தோமோ, வெறும் இருட்டு தெரிந்ததோ. ஸ்டூலில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரையை விலக்கி உள்ளே போனார். ஒரு ஸ்டூலில் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி.

"அன்னைக்கு என் கையில என்ன இருந்துச்சு தெரியுமாலே?" என்றார் மாமா.

"தெரியும். இன்னும் ஒரு சீட்டு வந்தா ரம்மி."

"தெரிஞ்சுமா பூட்டுனே?"

"ஒம் மூஞ்சியிலதான் எல்லாம் எழுதி ஒட்டியிருக்குமே. அத இன்னொரு தரம் பாத்தா பூட்ட மனசு வராது. அதான் பாக்காமப் பூட்டுனேன்."

மாமா மானிட்டரில் ஒரு சீட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "டைமன் ஜாக்கிய எடு" என்றார். எடுத்தார். இன்னும் சில சீட்டுகள். பிறகு ராஜாக்களும் ராணிகளும் குதிக்கத் தொடங்கினார்கள். துணி முழுக்க அது பரவியது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து பார்த்தோம்: இரண்டு நரைத்த தலைகள், அவற்றைத் தாண்டிச் சீட்டு சீட்டாகக் கொட்டிக்கொண்டே இருக்கும் ஓர் அருவி, பேண்டேஜ் துணியின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி.

"என்னலே இது!" என்றார் மாமா.

"பேசாமப் பாரு" என்றார் அப்பா.

அன்று சாயங்கால பஸ்ஸை மாமா விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தேருக்காக அவர் காத்திருந்ததில்லை, சனிக்கிழமைதோறும் வந்தார். ஓய்வுபெற்ற இருவரும் சேர்ந்து ஒரு மவுஸைப் பிடித்தார்கள். என் சிவப்புக் காருக்கு அப்புறம் முறையே வரவில்லை. லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கின் பாதியில் பூட்டியபடியே இருந்தது, விளக்கு ஏற்றாத நல்ல வீடுபோல. அப்பாவின் ரகசிய வார்த்தை என்னவென்று நான் கேட்கவில்லை. அவருக்கே மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

திரையை அம்மா மறுநாளே கழற்றினாள். துவைத்து, காயப்போட்டு, நாலாகக் கிழித்தாள். அதில் ஒரு துண்டில் வெகு நாள் காபி வடிகட்டினோம்.